கம்ப்யூட்டர் – ஆம்ப் ஹம்மிங்: ஒருவழியாக அடங்கியது

கம்ப்யூட்டரை ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டினால் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்த ‘ஊம்’ என்ற ஹம்மிங் போய்விட்டது. வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்து, ட்வீட்டரில் காதை ஒட்டிக் கேட்டால் லேசாக ஒரு ‘ஸ்ஸ்’ வருகிறது. அது ஆம்ப் போர்டின் சொந்தச் சத்தம், அதைப் பற்றிக் கவலையில்லை. கம்ப்யூட்டர் ஒயர் மாட்டியிருக்கிறதா, கழற்றியிருக்கிறதா என்று ஸ்பீக்கரைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்தாயிற்று. இதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நானே அசெம்பிள் செய்த ஸ்டீரியோ ஆம்ப். 5200–1943 டிரான்சிஸ்டர் போட்ட போர்டு இரண்டு, 24-0-24 வோல்ட், ஐந்து ஆம்பியர் இஐ (E, I வடிவத் தகடு அடுக்கிய) பவர் டிரான்ஸ்ஃபார்மர், 10,000 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கெப்பாசிட்டர், இரும்புக் கேபினட். மூன்று பின் ஒயர்தான், கேபினட்டுக்கு எர்த் கொடுத்திருக்கிறது. எதிர்ப்பக்கம் டெஸ்க்டாப். அதுவும் மூன்று பின், அதன் கேபினட்டும் எர்த். நடுவில் மூன்று மீட்டர் ஷீல்டு ஒயர். சிக்கல் எங்கே என்று இந்நேரம் பலருக்குப் புரிந்திருக்கும்.

ஹம்மிங் என்றாலே ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்ற ஓடுகிறவர்கள் அதிகம். அதற்கு முன்னால் ஆம்ப் மேல் குற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இன்புட் ஆர்சிஏ ஜாக்கை ஷார்ட் செய்தேன், சத்தமே இல்லை. பேட்டரியில் ஓடும் போனைக் கொடுத்தேன், சத்தமில்லை. சார்ஜர் இல்லாத லேப்டாப், அமைதி. அதே லேப்டாப்பில் சார்ஜரைக் குத்தியதும் ‘கிர்ர்’. டெஸ்க்டாப்பை மாட்டியதும் அடிவயிற்றில் இருந்து வருகிற மாதிரி ‘ஊம்’. அதற்குமேல் ஆம்பைப் பிரிக்க அவசியமே இல்லை.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆடாசிட்டி (சத்தத்தைப் பதிந்து அலசும் இலவச சாஃப்ட்வேர்) போதும். ஸ்பீக்கர் டெர்மினலில் இருந்து 10 கே, 1 கே ரெசிஸ்டர் போட்டுச் சத்தத்தைக் குறைத்து, பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் பதிந்து, ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தேன். 50, 150, 250 ஹெர்ட்ஸில் முள் முள்ளாக நிற்கிறது. ஃபில்டர் போதவில்லை என்றால் 100, 200, 300 என்று வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜைத் தாண்டிய சப்ளையில் ரிப்பிள் (மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) 100 ஹெர்ட்ஸ். 50-இல் தலைதூக்கி நின்றால் பெரும்பாலும் எர்த் லூப், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் நேராக ஏறுகிறது. இந்த இரண்டாவது பேர்வழி பிறகு வருவார்.

எர்த் லூப் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கம்ப்யூட்டரில் இருந்து ஆம்புக்கு எர்த் இரண்டு வழியாகப் போகிறது, ஒன்று சுவர் பிளக் வழியாக, மற்றொன்று ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக. அந்த வளையத்தில் ஓடும் சின்ன கரண்ட் ஷீல்டின் ரெசிஸ்டன்ஸைத் தாண்டும்போது அங்கே ஒரு வோல்டேஜ் விழுகிறது. அரை ஓம் ஷீல்டில் 300 மைக்ரோ ஆம்பியர் ஓடினால் 150 மைக்ரோவோல்ட். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அது சிக்னலோடு சேர்ந்தே உள்ளே போகிறது. பிறகு ஆம்ப் அதை விசுவாசமாகப் பெருக்கித் தருகிறது.

யாரிடம் கேட்டாலும் வரும் முதல் யோசனை, “அண்ணே, ஆம்போட எர்த் பின்னைக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க.” கடையிலும் இதையே சொன்னார்கள். ஹம்மிங் நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி என்றைக்காவது இன்சுலேஷன் போய்க் கேபினட்டைத் தொட்டால், எர்த் இல்லாத அந்த இரும்பு மொத்தமும் 230 வோல்ட்டில் நிற்கும். அந்தக் கரண்டுக்குப் போக்கிடம் ஆடியோ ஒயரின் ஷீல்டு, அதன் வழியாகக் கம்ப்யூட்டர், இல்லையென்றால் வால்யூமைத் திருப்பப் போகிற கை. பாட்டு கேட்பதற்காக இப்படி ஒரு ஏற்பாடு எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. எர்த்தைத் தொடாமல் சிக்னல் பாதையில் மட்டும் வளையத்தை அறுக்க வேண்டும். இதில் எனக்கு வேறு பேச்சே இல்லை.

எர்த் பற்றிப் பேசும்போதே ஒன்று. சுவர் பாயின்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். எர்த் செத்துப்போன வீட்டில், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) உள்ளே ஃபேஸில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் கேபினட்டுக்குப் போடப்பட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் வோல்டேஜைப் பாதியாகப் பிரித்து, கம்ப்யூட்டர் பெட்டியை 115 வோல்ட் பக்கம் மிதக்க விட்டுவிடும். டெஸ்டர் வைத்தால் எரியும், வெறுங்காலோடு தொட்டால் சுள்ளென்று இழுக்கும். அந்த நிலையில் ஹம்மிங்கை விரட்டுவது வீண் வேலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம்.

என் வீட்டில் எர்த் நன்றாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் குத்தி, ஆடியோ ஒயரைப் பவர் ஒயரோடு ஒட்டினாற்போல் ஓட்டினேன். வளையம் சுருங்கினால் அது பிடிக்கும் காந்தப்புலமும் குறையும். பாதிக்குமேல் குறைந்தது, ஆனால் ராத்திரி ஃபேனை நிறுத்தினால் இன்னும் கேட்டது. அதோடு மவுஸை நகர்த்தும்போது ‘கீச்’ என்று ஒரு சத்தம் வேறு.

சரி என்று ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்தேன். சிக்னல் காந்தம் வழியாகக் கடக்கும், ஒயரில் தொடர்பே இருக்காது, வளையம் அறுந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் கார் ஸ்டீரியோவுக்கு என்று விற்கும் சின்ன ஐசலேட்டர் ஒன்று வாங்கினேன். ஹம்மிங் போனது, கூடவே பாஸும் போனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நெல்லிக்காய் அளவில் 600-க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு. அவ்வளவு சின்ன கோர் (சுருளுக்குள் இருக்கும் இரும்பு) பாஸைத் தாங்காது. ஒரே வோல்டேஜில் 1000 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸில் கோருக்குள் காந்தப்பாயம் 20 மடங்கு. கோர் நிரம்பிவிட்டால் பாஸ் வரும் இடமெல்லாம் பொத்தென்று ஆகிவிடுகிறது.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, டிரான்ஸ்ஃபார்மரைக் குறைந்த இம்பீடன்ஸில் இருந்து ஓட்டுவது. பின்னால் இருக்கும் பச்சை லைன் அவுட்டை விட்டுவிட்டு முன்பக்க ஹெட்போன் ஜாக்கில் கொடுத்தேன், பல மதர்போர்டுகளில் அங்கே தனி டிரைவர் இருக்கும். இரண்டு, கம்ப்யூட்டர் வால்யூமைக் குறைத்து, ஆம்ப் வால்யூமை ஏற்றுவது. பாஸ் ஓரளவு திரும்பியது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பழைய சாமான் கடை ஒன்றில் ஏதோ பிஏ (மேடை ஒலிபெருக்கி) மிக்ஸரில் இருந்து கழற்றிய பெரிய 600 ஓம் ஜோடி கிடைத்தது, ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடப் பெரிது. கோர் பெரிதானதும் பாஸ் சுத்தமாக வந்துவிட்டது. செகண்டரியில் 10 கே லோடு ஒன்று, ட்ரெபிள் கூவாமல் இருக்க.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. டிரான்ஸ்ஃபார்மர்களை ஆம்ப் கேபினட்டுக்குள் வைத்ததும் பழையபடி ‘ஊம்’. அந்த இரண்டாவது பேர்வழி இதுதான். பக்கத்தில் இருக்கும் 24-0-24 காற்றில் கசிய விடும் 50 ஹெர்ட்ஸ் புலத்தை இந்தச் சிக்னல் டிரான்ஸ்ஃபார்மர் ஆண்டெனா மாதிரி பிடிக்கிறது. கம்ப்யூட்டரைக் கழற்றி, டிரான்ஸ்ஃபார்மர் இன்புட்டை ஷார்ட் செய்தாலும் சத்தம் அப்படியே இருந்தது.

அதனால் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தனிப் பெட்டி, ஆம்பை விட்டு ஒரு முழம் தள்ளி. இந்தப் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது, தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு. பெட்டி கட்டாயம் இரும்பாக இருக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று அலுமினியப் பெட்டி போடுகிறவர்கள் கவனிக்க: 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு மெல்லிய அலுமினியத் தகடு இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. நான் எடுத்தது கனமான பிஸ்கட் டின்.

இப்போது திருப்பும் வேலை. இன்புட்டை ஷார்ட் செய்து, வால்யூமை முழுக்க வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் மாட்டிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். மீட்டர் இறங்கிக்கொண்டே வரும். ஒரு கோணத்தில் சட்டென்று அடிமட்டத்துக்குப் போகும், மயிரிழை தாண்டினால் மறுபடி ஏறும். கோரின் அச்சு புலத்துக்குச் சரியாகக் குறுக்கே நிற்கும் இடம் அதுதான். நான் 38 மில்லிவோல்ட்டில் ஆரம்பித்து 2-க்குக் கொண்டுவந்தேன்.

அந்தக் கோணத்தில் நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். ஹாட் க்ளூ ஊற்றினால் ஆறி இறுகும்போது மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது. அதைச் சமாளித்து ஒட்டி, டின் மூடியைப் போட்டால் மீட்டர் 15 காட்டுகிறது. மூடியும் இரும்பு இல்லையா, புலத்தை வளைத்துவிடுகிறது. மூடி திறந்திருந்தபோது பிடித்த கோணம் மூடியபின் செல்லாது. மூடி போட்ட பிறகு உள்ளே கை போகாது.

இதற்குக் கிடைத்த வழி எனக்கே ரொம்பப் பிடித்திருக்கிறது. சின்னத் துண்டு டாட் போர்டில் (வரிசையாகத் துளை போட்ட சர்க்யூட் போர்டு) டிரான்ஸ்ஃபார்மரைச் சால்டர் செய்து, போர்டின் நடுவில் ஒரு நைலான் போல்ட்டை நட்டு போட்டு இறுக்கி, போல்ட்டின் மறுமுனையை டின்னின் அடியில் போட்ட துளை வழியாக வெளியே எடுத்தேன். வெளியே வாஷர், நட்டு. ஒயர்களுக்குக் கொஞ்சம் தொய்வு. மூடியை இறுக மூடிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனையைப் பிடித்துத் திருப்பினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் திரும்புகிறது. மீட்டர் அடிமட்டம் தொட்டதும் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டியதுதான். மூடிய நிலையிலேயே 1 மில்லிவோல்ட்டுக்கும் கீழே. இரும்பு போல்ட் போட்டால் அதுவே புலத்தைக் கெடுக்கும், நைலான்தான் சரி.

ஆர்சிஏ ஜாக்கில் ஒரு எச்சரிக்கை. சாதாரண ஜாக்கின் வெளி வளையம் டின்னைத் தொடும். இன்புட் ஜாக், அவுட்புட் ஜாக் இரண்டும் தொட்டால் டின் வழியாகவே எர்த் சேர்ந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் போட்டதில் அர்த்தமே இல்லை. இன்புட் பக்கம் பிளாஸ்டிக் வாஷர் போட்டுத் துளையைப் பெரிதாக்கினேன். டின் ஆம்ப் பக்க கிரவுண்டோடு மட்டும் சேர்ந்திருக்கிறது. கன்டினியூட்டியில் வைத்து இன்புட் வளையத்தையும் அவுட்புட் வளையத்தையும் தொட்டால் மீட்டர் ‘பீப்’ அடிக்கக் கூடாது.

மவுஸ் ‘கீச்’சும் இதிலேயே போய்விட்டது. காசு இருப்பவர்களுக்கு அமெரிக்காவின் ஜென்சன், சுவீடனின் லுண்டால் டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. மியூமெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கும் நிக்கல் கலவை) உறையோடு வருவதைப் போட்டால் திருப்பும் வேலையில் பெரும்பகுதி மிச்சம். இறக்குமதி விலையைப் பார்த்துவிட்டு நான் பிஸ்கட் டின்னோடு நின்றுகொண்டேன். ஷீல்டு ஒயர் வாங்குகிறவர்கள் ஒன்று பாருங்கள்: கடையில் மீட்டர் கணக்கில் தருவதில் பாதி வெறும் ஃபாயிலும் நாலு கம்பியும்தான். நுனியைச் சீவிக் காட்டச் சொல்லி, நெருக்கமாகப் பின்னியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின்னல் நெருக்கமாக இருந்தால் ஷீல்டின் ரெசிஸ்டன்ஸ் குறையும். டிரான்ஸ்ஃபார்மர் போடாதவர்களுக்கு அதுவே பாதி வைத்தியம்.

இடது சேனல் முடிந்தது. வலது சேனல் இன்னும் ஹாட் க்ளூவில்தான் நிற்கிறது, காதுக்குத் தெரியாவிட்டாலும் மீட்டரில் 6 மில்லிவோல்ட். அதற்கும் நைலான் போல்ட் போட வேண்டும். அதற்குள் அடுத்த ஆம்புக்கான திட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் ஜாக், வால்யூம், பாஸ் ட்ரெபிள் போர்டு எதுவும் கேபினட்டைத் தொடாமல் தனியாக நிறுத்தி, சிக்னல் கிரவுண்டைக் கேபினட் எர்த்தோடு ஒரே இடத்தில், 10 ஓம் ரெசிஸ்டரும் 35 ஆம்பியர் பிரிட்ஜும் வைத்துச் சேர்க்கப்போகிறேன். கேபினட் மட்டும் எர்த்தில் நேராக நிற்கும். இந்த ஆம்பில் அவை பல இடங்களில் தொட்டிருப்பதால் மொத்தமும் பிரிக்க வேண்டும், அதனால் கை வைக்கவில்லை.

இன்னொரு பக்கம், பிசிஎம்2704 போட்ட யுஎஸ்பி டாக் (டிஜிட்டலை ஆடியோ சிக்னலாக மாற்றுவது) போர்டு ஒன்று டப்பாவில் கிடக்கிறது. அதன் முன்னால் ஏடியூஎம்3160 ஐசலேட்டர் வைத்தால் டிஜிட்டலிலேயே எர்த்தைப் பிரித்துவிடலாம். அந்த ஐசலேட்டர் 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது, இந்த டாக்குக்கு அதுவே போதும். ஹை ஸ்பீடு கேட்கும் புது டாக்குகள் அதில் ஓடாது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்குக்கு 5 வோல்ட்டைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க பி0505எஸ் மாட்யூல் ஒன்று வேண்டும், அடுத்த முறை ரிச்சி தெரு போகும்போது நைலான் போல்ட்டோடு சேர்த்து வாங்க வேண்டும்.