ஆத்தங்குடிப் பூ

"ஒரே ஒரு நாள் மேடம். ஐயாகிட்ட காட்டிட்டு நாளைக்குக் காலையில முதல் பஸ்ல கொண்டுவந்துடறேன்."

நுண்ணுயிர் வளர்த்திருந்த தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் மாணவன் கேட்டான். ஐயா என்றது அவன் தாத்தாவை. "முடியாதுப்பா" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே நுண்ணுயிர்களைக் கொண்டு படம் வரைந்தவர் என்று வகுப்பில் சொல்லி, அறிவியல் தினக் கண்காட்சிக்கு அப்படி வரையச் சொன்னது நான்தான். மற்ற பிள்ளைகள் மயில், தாமரை என்று வரைந்தார்கள். இவன், செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் வரும் பூவை வரைந்தான். சிவப்புக்குச் செராஷியா, மஞ்சளுக்கு மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள். நுண்ணுயிர் வளரும் கூழான அகார் மேல் வரையும்போது ஒன்றும் தெரியாது, தண்ணீரைத் தொட்டுக் கோலம் போடுவது போலத்தான். முதல் தட்டை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டான். செராஷியா வெள்ளையாகவே வளர்ந்தது; அந்தச் சூட்டில் அதற்குச் சிவப்பு பிடிக்காது. அடுத்ததை மேஜை மேலேயே விட்டான். இரண்டாம் நாள் இதழ்கள் ரத்தச் சிவப்பாக எழுந்து நின்றன. மஞ்சள் மெதுவாக, ஓரத்தில் கடுகு கடுகாக வந்தது.

"ஐயாவும் அந்தக் கல்லு செய்யும்போது கண்ணாடி மேலதான் மேடம் கலர் ஊத்துவார். மேல சிமெண்டு போட்டு மூடிடுவார். கண்ணாடியை எடுத்தாத்தான் பூ எப்படி வந்திருக்குன்னு அவருக்கே தெரியும்" என்றான். இத்தனை வருடம் பெட்ரி தட்டோடு புழங்கியும் எனக்கு இது தோன்றியதில்லை.

செராஷியா தீங்கில்லாதது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் 1950இல் அமெரிக்கக் கடற்படை அதை சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேல் தூவிச் சோதனை செய்தது. இன்று மருத்துவமனைத் தொற்றுகளில் அடிபடும் பெயர் அது. ஐயாவோ எண்பதைத் தாண்டியவர், மூச்சிரைப்பு வேறு. பஸ்ஸில் தட்டு விழுந்து உடைந்தால்? ஆய்வகத்தில் வளர்ந்தது ஆய்வக வாசலைத் தாண்டக் கூடாது. என் துறையில் யாரைக் கேட்டாலும் நான் சொன்னது சரி என்பார்கள்.

சரிதான். ஆனால் மயில் வரைந்த தட்டை, ஆய்வுக் குழு வருகிறது என்று நானே நான்கு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இவனுடையதை மட்டும் அன்று சாயங்காலமே, நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்தேன். சொல்லாமல் எடுத்துப் போய்விடுவானோ என்ற பயம். எடுக்க நினைத்தவன் என்னிடம் ஏன் கேட்கப் போகிறான்? 121 டிகிரி, 15 நிமிடம். திறந்தபோது அகார் உருகிக் கலங்கிய தண்ணீராகக் கிடந்தது. அவனேதான் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

ஃபார்மலின் ஆவி காட்டியிருந்தால் உயிர் போயிருக்கும், பூ இருந்திருக்கும். அப்புறம் ஒருநாள் ராத்திரிதான் இது நினைவுக்கு வந்தது. அந்த நெடி ஐயாவுக்கு ஆகாது என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். சரி, ஒரு கார் வைத்து அவரையே இங்கே கூட்டி வந்திருக்கலாமே? அதற்குப் பதில் இல்லை.

போட்டோ எடுத்துப் போகச் சொல்லியிருந்தேன். ஐயா என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் கேட்டேன்.

"ஓரம் பிசிறடிச்சிருக்குன்னார் மேடம். உசுரு இருக்குல்ல ஐயா, அது வளரும்னு சொன்னேன். இதுல எங்கடா வளருதுன்னு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்."

அடுத்த பிப்ரவரியில் இன்னொரு பிள்ளை வந்து கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். அன்றைக்கே ஆட்டோகிளேவில் வைப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.