மூணு வெள்ளி காசெட்டும் ஏசாயா 53:5ம்

அண்ணன் மலேசியாவின் பகாவ் ஊர் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மூன்று வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கி வந்த திருட்டுக் காசெட் அது. கிறிஸ்தவ மெட்டல் பாட்டுப் பாடும் அமெரிக்க பேண்ட் ஸ்ட்ரைப்பரின் ‘டு ஹெல் வித் தி டெவில்’. அமெரிக்காவில் 1986இல் வந்த ஆல்பம், எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், ஆனால் ஹெல், டெவில் இரண்டையும் படிக்கிற அளவுக்கு வரும். தோட்டத்து ஜெபக்கூடத்தில் ஞாயிறுதோறும் பைபிள் வாசிக்கிறவர் வேறு. சும்மா விடுவாரா?

“சாத்தான நரகத்துக்குப் போடான்னு திட்டுற பாட்டுப்பா” என்றான் அண்ணன்.

“அவன் வீடே அங்கதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?”

சத்தம் உண்மைதான். முதலில் ஒரு நிமிடம் போலப் பேய்ப்பட இசை, அப்புறம் இரண்டு கிட்டார் சேர்ந்து பாயும், அதற்கும் மேலே மைக்கேல் ஸ்வீட்டின் குரல் ஏறும் பாருங்கள், அம்மா அடுப்பில் கெட்டில் கூவுகிறது என்று எழுந்தே போனார். மைக்கேலின் அண்ணன் ராபர்ட் டிரம்ஸ். மேடையில் டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, ஆட்களுக்கு முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து அடிப்பாராம். கச்சேரியில் கூட்டத்தைப் பார்த்துப் புதிய ஏற்பாட்டை வீசுவார்கள். பேஸ் கிட்டார் டிம் கெய்ன்ஸ் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன், இந்த ஆல்பத்தில் வாசித்தது பிராட் காப்.

இதில் உள்ள ‘ஆனஸ்ட்லி’ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, 1988இல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 23ஆம் இடம் வரை போன பாட்டு, தோட்டத்தில் காதலித்த பையன்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு அதைவிட ‘காலிங் ஆன் யூ’ பிடிக்கும். ‘சிங்-அலாங் சாங்’ மட்டும் இன்றைக்கும் ஓட்டித் தாண்டிவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறேன்.

சரி, அப்பாவிடம் வருகிறேன். அட்டையில் பேண்ட் பெயருக்குக் கீழே ‘ஐசாயா 53:5’ என்று, அதாவது நம்ம ஏசாயா, இருந்ததை அவர்தான் பார்த்தார். பழைய பைபிளை எடுத்துப் புரட்டினார்: “அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்.” அந்தத் தழும்புக்கு ஆங்கில பைபிளில் ஸ்ட்ரைப்ஸ், அதே சொல்லுக்குக் கோடு என்றும் அர்த்தம், அதனால்தான் இவர்கள் தலை முதல் கால் வரை மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட உடையில் நிற்கிறார்கள் என்று அண்ணன் விளக்கப் பார்த்தான். தமிழில் தழும்பு வேறு, கோடு வேறு, ரெண்டையும் எப்படி ஒட்டுவது? திணறினான்.

அப்பா ரப்பர் மரத்தைக் கீறும் பால்வெட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் தினம் காலைல மரத்துல போடுறேனே, அது கோடா தழும்பா?”

அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

“காசெட் இருக்கட்டும். நான் காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போனப்புறம் போடு.”