கேட்டிருந்தால் கொடுத்திருப்பான்: பிரான்மலை தரிசனம்

பாண்டி நாட்டில் தேவாரம் பெற்ற தலங்கள் 14. மதுரைக்காரர்களுக்கு ஆலவாயும் ஆப்பனூரும் வீட்டு வாசல் மாதிரி. பரங்குன்றம், ஏடகம், பூவணம் எல்லாம் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். திருக்கொடுங்குன்றம் அப்படியில்லை. இப்போது பிரான்மலை என்று சொல்கிற அந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில், சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிறது. அவசரமில்லாமல் பார்க்க ஒரு நாளை ஒதுக்கத்தான் வேண்டும்.

அம்மா, அண்ணன் பிள்ளைகள் இருவர், நான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பக்கம் போன என்னை அம்மா இழுத்துப் பிடித்தார். "பாரி மலைக்கு மல்லியோடயா போறது? முல்லையா பாத்து வாங்கு." ஏன் அப்பத்தா என்று பெரியவள் கேட்டாள். மூன்றாம் வகுப்பு, காரணம் சொல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். மேலூர் தாண்டியதும் அம்மா கதையை ஆரம்பித்தார்.

பறம்பு மலைக்கு, அதாவது இந்தப் பிரான்மலைக்கு, பாரி தலைவன். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தேரையே விட்டுவிட்டு வந்தவன். "குதிரை?" என்றான் சின்னவன். குதிரையை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார் என்று நான் சமாளித்தேன். அவனுக்கு அதுதான் பெரிய கவலை.

பாரிக்கு 300 ஊர். பாடிக்கொண்டு வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கொடுத்து எல்லாம் தீர்ந்துபோனது. மலை மட்டும்தான் மிச்சம். சேர, சோழ, பாண்டியர் மூவருக்கும் அதுவே பொறுக்கவில்லை. அவர்களிடம் இல்லாத நாடா, நெல்லா? ஊரெல்லாம் 'பாரி, பாரி' என்று பேசியதுதான் உறுத்தியிருக்க வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து மலையைச் சுற்றி வளைத்தார்கள். பாரியின் நண்பர் கபிலர் அந்த மூவரையும் பார்த்துச் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. இந்த மலையில் உழவர் உழாமலே நாலு பொருள் விளையும்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நீங்கள் எத்தனை நாள் முற்றுகையிட்டாலும் இவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். யானையும் தேரும் கொண்டுவந்து இதைப் பிடிக்க முடியாது. யாழை எடுத்துக்கொண்டு ஆடிப் பாடி வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான்.

"அப்ப கேட்டாலே குடுத்திருப்பாரா?"

"ஆமாடி."

"ஏன் கேக்கல?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த கேள்வி இன்னும் சங்கடம். "அந்த மூணு பேருல நம்ம ஊரு ராஜாவும் உண்டா?" உண்டு. மதுரைக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பாண்டியன் பெயரைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "அதுக்குத்தான் இப்ப பூ வாங்கிட்டுப் போறோம்" என்று அம்மா முடித்துவிட்டார். பதில் சரியா என்று தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார்.

சிங்கம்புணரியில் பஸ் மாறி ஊருக்குள் இறங்கியதும் மலை நேரே தெரிகிறது. குன்றக்குடி ஆதீனத்தைச் சேர்ந்த கோயில். சிவன் இங்கே மூன்று தளத்தில் இருக்கிறார். கீழே கொடுங்குன்றநாதர், குயிலமுதநாயகி. நடுவில் விசுவநாதர், விசாலாட்சி. மேலே மங்கைபாகர், தேனம்மை. பாதாளம், பூமி, கைலாயம் என்று இதற்கு வரிசை சொல்வார்கள். நடுத்தளத்துப் பைரவருக்கென்றே தனியாக வருகிறவர்கள் உண்டு. படியெங்கும் குரங்குகள், வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதிசேஷனும் வாயுவும் யார் பெரியவர் என்று மோதியபோது மேருவிலிருந்து சிதறி வந்து விழுந்த துண்டுதான் இந்த மலை என்கிறது தலபுராணம். பொறாமை இந்த மலைக்குப் பிறக்கும்போதே கூட வந்திருக்கிறது போல.

மேல் சன்னதி மலையைக் குடைந்தது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் தெரியவில்லை. எண்ணெய் வாசனையும் கல்லின் குளிர்ச்சியும்தான் முதலில். குருக்கள் தீபத்தை உயர்த்தியபோது சுவாமியும் அம்பாளும் அருகருகே தெரிந்தார்கள். அகத்தியருக்குக் காட்டிய திருக்கல்யாணக் கோலம். கல்யாணம் கயிலையில் நடந்ததாம், நந்தியும் கொடிமரமும் அங்கேயே நின்றுவிட்டனவாம்; அதனால் இந்தச் சன்னதியில் இரண்டும் கிடையாது. நவபாஷாணத் திருமேனி என்பது ஊர் நம்பிக்கை. அம்மா 'வானிற் பொலிவெய்தும் மழைமேகம் கிழித்தோடி' என்று சம்பந்தர் பதிகத்தை எடுத்தார். மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து பிறை சேர்கிற குளிர் சாரல் என்று அந்தப் பாட்டு இந்த மலையைச் சொல்கிறது. நாங்கள் போனது நல்ல வெயிலில். ஆனாலும் அந்தக் குகைக்குள் அம்மா குரலில் கேட்கும்போது நம்பத்தான் தோன்றியது.

குருக்கள் நாங்கள் கொடுத்த முல்லைச் சரத்தைச் சாத்திவிட்டு, சாத்தியிருந்த பூவில் ஒரு துண்டைப் பெரியவள் கையில் கொடுத்தார். உடனே சின்னவன் பாய்ந்தான். பூ என்றால் அவனுக்கு எந்த ஆசையும் கிடையாது. அவளிடம் இருக்கிறது, அவ்வளவுதான். "வந்துட்டாருப்பா மூவேந்தர்" என்றார் அம்மா. பூவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "கேட்டா குடுத்திருப்பேன் அத்தை. புடுங்க வர்றான்ல?" சரி, கேளுடா என்றேன். கேட்கவில்லை. படி இறங்கும்வரை முறைத்துக்கொண்டே வந்தான், கேட்கவேயில்லை.

மலை உச்சியில் ஷேக் அப்துல்லா அவுலியா தர்கா இருக்கிறது. அதற்குத் தனியாக ஏற வேண்டும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஆகிற காரியமில்லை. தெம்பு உள்ளவர்கள் வெயிலுக்கு முன்பே தண்ணீரோடு கிளம்பிவிடுங்கள். நாங்கள் கீழேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.

மிச்சக் கதை அங்கேதான் நடந்தது. முற்றுகையின்போது மலைக்கு வெளியே பறந்துபோய் நெற்கதிர் கொண்டுவந்த பறவைகள். கடைசியில் பாரியைச் சூழ்ச்சியால் கொன்றது. மகள்கள் இருவரும் போன மாத நிலாவையும் இந்த மாத நிலாவையும் சொல்லி அழுதது. கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கியது. பறவைகள் கிளிகள் என்றார் அம்மா. ஔவையார் அகநானூற்றில் குருவிகள் என்கிறாரே என்றேன். "கிளிதான். எங்க அப்பத்தா கிளின்னுதான் சொல்லுச்சு." அதற்கு மேல் அகநானூறு எடுபடவில்லை.

சின்னவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். ராஜா செத்த பிறகு அந்தக் கிளிக்கெல்லாம் யார் நெல் போட்டார்கள்? அதுவாகவே தேடித் தின்னும்டா என்றேன். அவன் நம்பவில்லை. அக்காவும் இந்த ஒரு விஷயத்தில் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் என்னை விடவில்லை.