மார்ச் 29, ஒரு சாக்கு மாங்காய்

மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டுக்கு யாரும் எதையும் கொடுத்தனுப்பக் கூடாது. கேட்டால்தானே! நான் சித்தூரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். (பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூரா என்று கேட்டுக் கேட்டே பாதிப் பேர் என் கதையை முடித்துவிடுகிறார்கள்.) 31ஆம் தேதிக்குள் வருடக் கணக்கை நேர்செய்ய வேண்டும். 29ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தால், திண்ணையில் ஒரு சாக்கு மாங்காய்.

சின்ன மாமா முதலமடையில் தோப்புக் குத்தகை எடுத்திருக்கிறார். மற்ற ஊர்களில் பூ பிடித்துப் பிஞ்சு விடும்போதே அங்கே காய் இறங்க ஆரம்பித்துவிடும். மார்ச் என்றால் சீசன் உச்சம். அன்றைக்கு மத்தியானம் அடித்த காற்றோடு மழையில் விழுந்த காய்கள் இவை. அடிபட்ட காய்க்கு மண்டியில் விலை கிடையாது. "அழுகிப் போறதுக்கு நீங்க தின்னுங்க" என்று தெரிந்த ஆட்டோவில் ஏற்றிவிட்டுவிட்டார். மனசார அன்புதான். ஆனால் அந்த அன்புக்கு மூன்று நாள்தான் ஆயுசு.

குளித்துவிட்டு, கூடத்தில் பழைய பாயை விரித்துக் கொட்டினோம். கிளிமூக்கு, செந்தூரம், தோப்பு வேலியோரத்து நாட்டு மாங்காய் என்று மூன்று ரகம். அத்தை காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காயையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தள்ளித் தள்ளி வைத்தார். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும், பால் வடிந்துவிடும் என்பது அவர் சட்டம். மகனுக்கு அது போன வருடமே புரிந்துவிட்டது. கழுவாத காயைக் கடித்து உதட்டோரம் பொத்துப்போய் ஒரு வாரம் எரிச்சலோடு திரிந்தான்.

பிளந்த கிளிமூக்கை அன்றிரவே அரிவாள்மனையில் நறுக்கினேன். மணி பத்தரை. பாதியை உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசறி, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டியாகிவிட்டது. இரண்டு நாள் தயிர்சாதத்துக்குக் கவலை இல்லை. மீதியைக் கிலோவுக்கு ஒரு பெரிய கைப்பிடி கல்லுப்பு என்ற கணக்கில் போட்டுக் குலுக்கி மூடி வைத்தேன். மறுநாள் அதைப் பிழிந்து மொட்டைமாடியில் பரப்பினால் வற்றல்.

காயவைப்பதில் மட்டும் எங்கள் ஊரை அடிக்க ஆளில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் இந்த வெயிலும் சேர்ந்தால் துணி அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்ததே, அப்போது எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, அத்தை மட்டும் "மாடியில எதையாவது போடு கண்ணு, இந்த வெயிலை வீணாக்காதே" என்றார். சாதாரணமாக நாலு நாள் பிடிக்கும் வற்றல் அந்த வருடம் இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டது. முறம் நிறையப் போட்டால் கடைசியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்தான் தேறும். ஆடி மாதம் மழையில் காய்கறி வாங்க வேலந்தாவளம் வரை போக அலுப்பாக இருக்கும்போது அதில் ஒரு கைப்பிடி போட்டுக் குழம்பு வைத்தால் போதும்.

அடிபடாத செந்தூரங்களை வைக்கோல் விரித்த அட்டைப்பெட்டியில் அடுக்கி, நடுவில் பழுத்த ஒன்றை வைத்து மூடினேன். பழுத்த பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வருகிறது, அதுதான் மற்றதையும் பழுக்க வைக்கும் என்று மகள் பாடத்தில் படித்ததைச் சொன்னாள். "ஒரு பழம் கெட்டா ஊரே கெடும்கிறது அதுதானா?" என்று கேட்டார் அத்தை.

என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை. அந்த வாரம் இரவு ஷிப்ட். காலையில் ஏழு மணிக்கு வந்தவர், உதவி செய்கிறேன் என்று பெட்டியிலிருந்து பன்னிரண்டு செந்தூரத்தை எடுத்துக் கழுவி ஃபிரிட்ஜுக்குள் அடுக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நானும் கணக்கு மும்முரத்தில் இரண்டு நாள் கவனிக்கவில்லை. பழுக்காத மாங்காய்க்கு அந்தக் குளிர் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே போனாலே அடிபட்டதுபோல் ஆகிவிடும், வீட்டு ஃபிரிட்ஜில் 4, 5 டிகிரிதான் இருக்கும். தோல் கறுத்து, உள்ளே ரப்பர் மாதிரி வெளிறிக் கிடந்தன. வெளியே எடுத்து வைத்தும் பழுக்கவில்லை. பன்னிரண்டையும் எருக்குழியில் போட்டேன். ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டதற்கு, "நீதான எல்லாம் அழுகுது அழுகுதுன்னு புலம்புன" என்றார். சரி, அதுவும் நியாயம்தான்.

31ஆம் தேதி மத்தியானம் நாட்டு மாம்பழத்தின் முறை. இனி ஒரு நாள் விட்டால் புழு வைத்துவிடும். இங்கே பள்ளிக்கு லீவு விட்டாயிற்று, ஜூன் வரைக்கும் இரண்டு பேரும் வீட்டில்தான். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். ஒன்பதாவது முடித்த மகளுக்கு ஃபோனில் புளிச்சேரி என்கிற தயிர்க்குழம்பு சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பக்கம் பற்று, வரவு. அந்தப் பக்கம் மாம்பழம்.

ஆறு சின்னப் பழம், தோலை உரித்து முழுசாகவே சட்டியில் போடு, கொட்டையை எடுக்காதே. மஞ்சள், உப்பு, கொஞ்சம் தண்ணீர், ஒரு துண்டு வெல்லம். அரைமூடித் தேங்காயை நாலு பச்சைமிளகாய், அரை ஸ்பூன் சீரகம் வைத்து வெண்ணெய் மாதிரி அரை. அரைத்ததை ஊற்றி ஒரு கொதி வரட்டும். அப்புறம் தீயைக் குறைத்து, புளித்த தயிரைக் கடைந்து அரை லிட்டர் ஊற்றி, கிளறிக்கொண்டே இரு, நுரை கட்டும்போது இறக்கு. கடைசியில் தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை.

"நுரை கட்டும்போது" என்று சொன்ன நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். திரும்பி வந்து ஃபோனை எடுத்தால் மகள் அழுகிறாள். "அம்மா, கொதிச்சிருச்சு. தண்ணி வேற, தயிர் வேறயா நிக்குது."

திரிந்த புளிச்சேரியை யாராலும் சரிசெய்ய முடியாது. ஆனால் ருசி எங்கேயும் போகவில்லை. ரேஷன் கடையிலிருந்து வந்த அப்பத்தா அதையே ஊற்றி இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டாராம். "பழம் பழமாத்தான சாமி இருக்குது" என்று சொல்லிக் கொட்டையைச் சப்பிக் காட்டியிருக்கிறார். தம்பி மட்டும் "நூடுல்ஸ் பண்ணியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். நான் ராத்திரி ஒன்பதுக்கு வந்து சாப்பிட்டேன். வெல்லம் கொஞ்சம் கூடுதல். மற்றபடி நன்றாகவே இருந்தது. கணக்கும் நேராகிவிட்டது.

மாங்காய் தீர்ந்து மூச்சு விடுவதற்குள் சித்திரை வந்தது. எங்கள் வீட்டில் சித்திரைக்கனி, பக்கத்து வீட்டில் விஷுக்கணி. கண்ணாடி, கொன்றைப்பூ, பழம் எல்லாம் ஒன்றுதான். அவர்கள் தட்டில் கணிவெள்ளரி நடுநாயகம். 2022லும் 2023லும் எங்களுக்கு 14, அவர்களுக்கு 15 என்று விழுந்ததில் இரண்டு நாளும் விருந்து. விஷுவுக்கு முந்தின நாள் வரை விலை சொல்ல முடியாத கணிவெள்ளரியை மறுநாள் சீண்ட ஆளிருக்காது. இந்தத் தடவை ஆளாளுக்குக் கொடுத்து எங்கள் வீட்டில் நாலு சேர்ந்துவிட்டது. நல்லவேளை, அதற்கு அவசரம் இல்லை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. மாங்காயோடு பழகிய எனக்கு, காத்திருக்கத் தெரிந்த காய் என்றாலே தனி மரியாதை.

வற்றல் டப்பாக்களுக்கு மகள் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். இந்த வருடத்தது, போன வருடத்தது, உப்பு கூடினது என்று பிரித்து அழகான எழுத்தில். படிப்பது மலையாளம் மீடியம், எழுதியதும் மலையாளம். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அதனால் எது வேண்டுமென்றாலும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்து பார்க்கிறார். திறந்ததைச் சரியாக மூடுவதில்லை. இரண்டு டப்பா இப்போதே நமுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மாடியில் போட வேண்டும்.