ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது. அந்தக் கார்களில் பல இப்போது வாரண்டி முடிந்து வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு வருகின்றன. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் 'முன் இடது வீல் ஸ்பீடு சென்சார்' (சக்கரம் சுற்றும் வேகத்தை அளப்பது) என்கிறது, உடனே புது சென்சார் மாட்டுகிறார்கள். ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரிகிறது. அந்த எரர் கோட் சொன்னது அந்தச் சக்கரத்தின் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சென்சார், கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), வயர், டோன் ரிங் (சென்சார் எதிரே சக்கரத்தோடு சுற்றும் வளையம்), பேரிங், மாட்யூல் (ஏபிஎஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டர்) என்று கோளாறு எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் லாக் ஆவதைத் தடுக்கும் வசதி மட்டும் இருக்காது. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பின் சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இபிடியும் நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் அவசர பிரேக்கில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு வண்டி திரும்பிவிடும்.

விளக்கு எப்போது எரிகிறது என்பதே பாதி விடை. சாவி போட்டதும் எரிந்து அணையாமலே நின்றால் வயர் கட், ஷார்ட், ஃபியூஸ், மாட்யூல் சப்ளை என்ற பக்கம் தேடுங்கள். சில நொடிகளில் அணைந்து, வண்டி நகர்ந்து 10, 20 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் எரிந்தால், சர்க்யூட் முழுசாக இருக்கிறது, சிக்னல்தான் சரியில்லை என்று சந்தேகப்படலாம். பல வண்டிகளில் ஏபிஎஸ்ஸின் பம்ப் மோட்டார் தன்னைச் சோதித்துக்கொள்வதும் அந்த வேகத்தில்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

பேட்டரியில் தொடங்குங்கள். நின்ற நிலையில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அடுத்து மாட்யூலின் எர்த். இதை ஓம்ஸில் (மின்தடையாக) பார்ப்பது வீண் வேலை. எர்த் வயரின் பத்து இழையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'நல்லது' என்றே காட்டும், ஆனால் பம்ப் இழுக்கும் கரன்ட்டை அந்த இழை தாங்காது. ஸ்கேனரில் பம்ப்பை ஓடவிட்டு, மாட்யூலின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்டேஜ் டிராப் (வழியில் வீணாகும் வோல்டேஜ்) பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அரை வோல்ட் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள்.

விலை குறைந்த ஓபிடி ரீடர்களில் (காரின் சோதனை சாக்கெட்டில் மாட்டி கோட் படிக்கும் கருவி) பல இன்ஜின் கோட்களை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் மாட்யூலோடு பேசும் ஸ்கேனர் வேண்டும். லைவ் டேட்டாவில் நான்கு சக்கர வேகத்தையும் வைத்து, நேர் சாலையில் 20, 30 கிலோமீட்டரில் உதவியாளரை ஓட்டச் சொல்லுங்கள். எந்தச் சக்கரம் பூஜ்யத்துக்கு விழுகிறது, எது துள்ளுகிறது என்பது அங்கேயே தெரியும்.

இனி அந்தச் சக்கரம். சென்சாரில் இரண்டு வகை உண்டு, சோதிக்கும் முறையும் வேறு வேறு. பழைய வண்டிகளில் இருக்கும் காயில் வகை தானே ஏசி வோல்டேஜை உண்டாக்கும். கப்ளரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால் பெரும்பாலும் 800 முதல் 2000 ஓம்ஸுக்குள் வரும். சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் ஏசி ரேஞ்சில் சில நூறு மில்லி வோல்ட்டாவது வர வேண்டும். எதிர்ப் பக்கச் சக்கரத்தோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி.

இன்றைய கார்களில் இருப்பது மாட்யூல் தரும் சப்ளையில் வேலை செய்யும் ஆக்டிவ் சென்சார். இதை ஓம்ஸில் அளக்கவே கூடாது. உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் இருப்பதால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. கப்ளரைக் கழற்றி, சாவி போட்டு, வயரிங் பக்கத்து இரண்டு பின்களுக்கு நடுவே பாருங்கள். பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் வர வேண்டும். சப்ளை பின்னுக்கும் பாடிக்கும் நடுவே வோல்டேஜ் இருந்து, இரண்டு பின்களுக்கு நடுவே இல்லையென்றால் திரும்பும் வயர் கட். ஒரு எச்சரிக்கை: கோளாறைக் கண்டதும் சப்ளையையே நிறுத்திவிடும் மாட்யூல்கள் உண்டு. சாவியை அணைத்து மறுபடி போட்டு உடனே அளந்தால்தான் உண்மை தெரியும். சப்ளை சரியென்றால் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து ஒரு வயரோடு சீரிஸில் (கரன்ட் மீட்டர் வழியே போகும்படி) கோர்த்து, சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்புங்கள். கரன்ட் 7-க்கும் 14-க்கும் மாறி மாறித் தாவ வேண்டும். 7-லேயே நின்றால் சென்சார் போயிருக்கலாம், அல்லது எதிரே இருக்கும் காந்த வளையம் போயிருக்கலாம்.

இந்தக் காந்த வளையம் பல கார்களில் வீல் பேரிங்கின் சீலிலேயே இருக்கிறது. பேரிங் மாற்றியபோது திருப்பி அடித்துவிட்டால் சென்சார் எதிரே வெறும் சீல் நிற்கும், சிக்னலே வராது. பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் இதுதான். அழுத்தும் முன் இரண்டு பக்கமும் ஒரு பேப்பர் கிளிப்பை மெல்லத் தொட்டுப் பாருங்கள். லேசாக ஒட்டும் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும்.

விளக்கே எரியாமல், நிற்கப் போகும் கடைசி நேரத்தில் பெடல் மட்டும் அதிர்கிறதா? துருவால் விரிசல் விட்ட டோன் ரிங், அல்லது சென்சாருக்கு அடியில் துரு ஏறி இடைவெளி கூடியது காரணமாக இருக்கும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு வயரைத்தான் நோண்ட வேண்டும். ஸ்டியரிங் திரும்பும்போது மடங்கும் இடத்தில், மேல் ரப்பர் நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். மீட்டரை மாட்டியபடி வயரை இழுத்து, மடக்கி, ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியானால் கப்ளர் பின்னில் பச்சை பூத்திருக்கும். அந்த ஈரம் வயருக்குள்ளேயே ஏறும், அதனால் இன்சுலேஷனைச் சீவி உள்ளே செம்பு கருத்திருக்கிறதா என்று பார்த்து, பளபளப்பான இடம் வரும் வரை வெட்டுங்கள். ஊசியால் வயரைக் குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே அடுத்த மழை உள்ளே போகும்.

ஒட்டு போடும்போது மடங்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். அங்கே சால்டர் வைத்தால் அதன் விளிம்பிலேயே மறுபடி ஒடியும். கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி), பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு, இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால் பழைய முறுக்கோடே கட்டுங்கள். எரர் கோடை ஸ்கேனரில் அழித்த பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டிய பின்தான் சில வண்டிகளில் விளக்கு அணையும். அதனால் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு வேலை சரியில்லை என்று மறுபடி பிரிக்க வேண்டாம்.