தேத்தண்ணிக்கு ஒரு சுரங்கம்

"தம்பி, இஞ்ச ஒருக்கா வா" என்று அப்பா விறாந்தையிலிருந்து கூப்பிட்டால், பின்னறையில் வேலையாக இருக்கும் நான் முற்றத்தைக் கடந்து ஓடவேண்டும். போய்ப் பார்த்தால் அனேகமாக எழுத்துச் சிறுத்திருக்கும், அல்லது ஒலி நின்றிருக்கும். சனிக்கிழமை மட்டும் 11 தடவை ஓடிய களைப்பில், அவருடைய மடிக்கணினியின் திரையை என்னுடையதில் வைத்தே பார்த்துத் திருத்திவிடுவது என்று முடிவுசெய்தேன்.

விண்டோஸில் அதற்கென்றே ரிமோட் டெஸ்க்ரொப் இருக்கிறதே என்பீர்கள். அப்பாவிடம் இருப்பது ஹோம் பதிப்பு; அது மற்றக் கணினிகளுக்குப் போகுமே தவிரத் தன் வீட்டுக்குள் எவரையும் விடாது. புரோ பதிப்பாக இருந்தாலும் நான் உள்ளே நுழைந்தவுடன் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். பிறகு நான் செய்வதைப் பார்த்து அப்பா எப்படிக் குறை சொல்வது? ஆகவே இருவரும் ஒரே திரையைப் பார்க்கக்கூடிய வி.என்.சி. என்ற மென்பொருளை நிறுவி, ஆங்கில எழுத்து 13இல் 'நல்லூர்கந்தன்' என்று கடவுச்சொல்லும் வைத்தேன். அதன் பழைய கடவுச்சொல் முறையோ முதல் எட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்ளாது. 'நல்லூர்க' என்று அடித்தவுடனேயே கதவு திறந்துகொண்டது. கந்தன் 'க'வோடு வெளிவீதியில் நின்றுவிட்டார்.

போதாக்குறைக்கு, அந்த வழியில் திரைக்காட்சி குறியாக்கம் இல்லாமல், இடையில் நிற்பவரும் பார்க்கக்கூடியதாகத்தான் போகும். எங்கள் வைஃபை கடவுச்சொல்லோ, திருவிழா 25 நாளும் வந்து தங்கிய சொந்தக்காரர் மூலம் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். மாற்றலாம்தான், மாற்றினால் பக்கத்து வீட்டு மாமி ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டா. ஆகையால் றவுட்டரில் அப்பாவின் கணினிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கி, அதில் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். சேவையை இயக்கி, வி.என்.சி. 127.0.0.1 என்ற, கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி தவிர வேறெந்த முகவரிக்கும் காதுகொடுக்காதபடி செய்து, எஸ்.எஸ்.எச். சுரங்கத்தின் வழியாக மட்டும் அதை அடைவதாக ஏற்பாடு.

முதற்தடவை இணையும்போது எதிர்க்கணினி அதுதானா என்று சரிபார்க்க உதவும் அடையாளமான அதன் 'கைரேகை' 43 எழுத்தாகத் திரையில் வரும். அதை ஒப்பிடாமல் 'யெஸ்' அடிப்பவர்களே அதிகம். நான் அப்படிப்பட்டவன் அல்ல. அப்பாவின் திரையிலும் அதைக் காட்டிவிட்டு வந்து, "வாசியுங்கோ அப்பா" என்றேன். அதைச் சொல்வதெழுதல் வகுப்பாக அவர் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். "பெரிய கே! சின்ன கியூ! எழுதியாச்சோ?" என்று ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை முழங்கினார். மாமி மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "என்ன, லொத்தர் விழுந்திட்டுதோ?" என்றா. கைரேகை இரகசியமில்லை என்பதால் தப்பினோம்.

இணைப்பு வந்தது. நான் சுட்டியை நகர்த்தியதும் அப்பாவும் தன் பக்கத்தில் நகர்த்த, அம்பு இரண்டு நிமிடம் திரைக்கு நடுவில் கயிறிழுத்தது. பிறகு நோட்பாட் திறந்தது. ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக, ஒரு வசனம் வந்தது:

"இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி."

இதுவரை கிணற்று மோட்டர் ஓடினதில் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன். இப்போது கட்டளை குறியாக்கம் செய்யப்பட்டு, எழுத்து மூலம், நேரே என் மேசைக்கு வருகிறது, மறுக்க இடமில்லை. அதே நோட்பாடில், "கொண்டு வாரன் அப்பா" என்று பதில் அடித்துவிட்டு எழும்பினேன்.

அம்பு மெல்ல நகர்ந்து 'வாரன்' என்ற சொல்லில் போய் நின்றது. 'ர' அழிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா விசையைத் தேடுகிறார். பிறகு 'ற' வந்தது. அதற்குப் பிறகு, வசனத்தின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் வந்தது.