வேப்பிலை சொருகியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க

என் மகனுக்கு மூணரை வயசு, வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதா, இன்னும் ஒரு வருஷம் வீட்டிலேயே வைத்திருப்பதா என்று போன ஆனி மாசம் தொடங்கிய பேச்சு, தைப் பொங்கல் கழிந்துதான் ஒரு முடிவுக்கு வந்தது. இவனுக்கு இருக்கிற சிறுநீரக நோயோடு பிள்ளை வைத்திருக்கிற வேறொரு அம்மாவுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். மாத்திரை, ஊசி பற்றி இதில் வருவதெல்லாம் இவனுக்கு டாக்டர் சொன்னது. உங்க பிள்ளைக்கு உங்க டாக்டரிடம்தான் கேட்கணும்.

இவனுக்கு இருப்பது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். இரண்டரை வயசில் கண் இரண்டும் வீங்கி, வயிறு உப்பி, காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ரத்தத்தில் தங்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரகம் வெளியே விட்டுவிடுகிறது. 2 வயசிலிருந்து 6 வயசுக்குள்தான் பெரும்பாலும் தொடங்குமாம், ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. ப்ரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரைக்கு அநேகப் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடும். முதல் தடவை 6 வாரம் தினமும், பிறகு 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். இவனுக்கும் கேட்டது. ஆனால் இது திரும்பத் திரும்ப வருகிற நோய். இவனுக்கும் திரும்ப வந்தது. இப்போது குறைந்த அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடம் என்றதும் எங்களுக்குப் பயம் வந்தது இரண்டு காரணத்தால். ஒன்று, சாதாரணச் சளி பிடித்தாலே போதும், புரதம் மறுபடி இறங்க ஆரம்பித்துவிடலாம். இன்னொன்று, அந்த மாத்திரையே எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். பிள்ளைகள் கூடுகிற இடத்தில் சளி இல்லாமல் இருக்குமா?

காலையில் எங்க வீட்டில் காபிக்கு முன்னால் நடக்கிற வேலை ஒன்று உண்டு. தம்பி எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடித்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் சொட்டு விட்டு, லேசாக ஆட்டி, சுவரில் தொங்குகிற தினசரி காலண்டருக்கு முன்னால் பிடிப்பேன். தண்ணீர் மாதிரியே இருந்தால் ஒன்றுமில்லை. லேசாக மங்கினால் 'ட்ரேஸ்'. மங்கலுக்குப் பின்னால் ராகு காலம், எமகண்டம் என்கிற பொடி எழுத்து படிக்க வந்தால் ஒன்று. பொடி எழுத்து மறைந்து தேதியின் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தால் இரண்டு. தேதியும் மறைந்து வெள்ளையாக நின்றால் மூன்று. பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக விழுந்தால் நாலு. மூன்றோ நாலோ தொடர்ந்து மூன்று நாள் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், மதுரை டாக்டருக்கு போன் போடணும். ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதி வைக்கிறோம். நான் ஊருக்குப் போகிற அன்று எங்க அயித்தை, அதாவது இவன் அப்பத்தா, எழுதுவார். இவன் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். காலையில் அந்த நோட்டுப் பக்கம் வாட்ஸ்அப்பில் போன பிறகுதான் அவர் வேலைக்குக் கிளம்புவார்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்றுதான் நான் முதலில் இருந்தேன். சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்குத்தான். மூணரை வயசில் பள்ளிக்கூடம் போகாததால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் வீடு நினைத்த அளவுக்குப் பத்திரமான இடமில்லை. எங்க கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் காரைக்குடிக்கு வேனில் படிக்கப் போய், சாயங்காலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து இவனைத்தான் முதலில் தூக்கும். பள்ளிக்கூடம் தினமும் வேனேறி எங்க முகப்பில் வந்து இறங்குகிறது. போன முறை நோய் திரும்பியதும் ஒரு காதுகுத்து விசேஷம் முடிந்து வந்த சளியில்தான். கன்னம் மாத்திரையால் உப்பியிருப்பது தெரியாமல், கொழுகொழுன்னு இருக்கானே என்று எத்தனை பேர் கிள்ளி முத்தம் கொடுத்தார்கள்!

என்னை அசைத்தது இன்னொன்று. இவன் பெரியவர்களோடு மட்டுமே வளர்கிறான். "அப்பத்தா, கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று கேட்பான். கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கு வயிற்றைப் பிசையும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கையிலிருக்கிற காரைப் பிடுங்கினால் அவனுக்குத் திருப்பிப் பிடுங்கவும் தெரியாது, அழவும் தெரியாது. அப்பத்தாவைக் கூட்டிவரப் போவான். அதற்குள் அந்தப் பிள்ளை காரோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

மூன்று இடம் பார்த்தோம். முதலாவது பெரிய பள்ளிக்கூடம். எல்.கே.ஜி. வகுப்பு ஏசி அறை, சன்னலெல்லாம் அடைத்திருந்தது, முழங்கை இடிக்க இடிக்கப் பிள்ளைகள். எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லை என்று எழுதிக் கேட்டார்கள். லீவு அதிகம் போட்டால் சரிப்படாது என்றும் சொன்னார்கள். அதோடு எழுந்து வந்துவிட்டோம். காய்ச்சல் மருந்தைக் கொடுத்து வேனில் ஏற்றிவிடுவதற்குக் காரணமே இந்த லீவுப் பயம்தான். வேலைக்குப் போகிற தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இரண்டாவதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பழைய செட்டியார் வீட்டில் நடக்கிற நர்சரி. நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் பத்தி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகிறது. இந்த நோய்க்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. அந்த அம்மாவும் பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "யாருக்காவது அம்மை போட்டா எனக்கு அன்னைக்கே சொல்வீங்களா?"

"வீட்ல சொன்னாத்தானே எங்களுக்கே தெரியும்? பத்து ஊர்ப் பிள்ளைங்க வருது."

அவர் சொன்னது நியாயம்தான்.

அம்மைதான் எங்களுக்குப் பெரிய பயம். சின்னம்மை மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக் கஷ்டம். ஸ்டீராய்டு எடுக்கிற பிள்ளைக்கு நுரையீரல் வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் அரசு போடுகிற ஊசிப் பட்டியலில் அது இல்லை. வெளியில் காசு கொடுத்துத்தான் போடணும். நாங்கள் போடுவதற்குள் இவனுக்கு நோய் வந்துவிட்டது. அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி என்பதால் மாத்திரை நின்று ஒரு மாசம் போன பிறகுதான் போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை அம்மை கண்ட பிள்ளையோடு இவன் இருந்துவிட்டால், 96 மணி நேரத்துக்குள் எதிர்ப்புப் புரத ஊசி போடப் பார்க்கணும். அது நினைத்த இடத்தில் கிடைக்கிற ஊசி இல்லை. எங்க ஊர் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போய், திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போய்ச் சேரவே அரைநாள் ஓடிவிடும்.

இப்போது நம்ம ஊர் வழக்கத்தைப் பாருங்கள். அம்மை கண்டால் வெளியில் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அம்மா வந்திருக்கா என்று வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் சொல்வோம். தாளிக்கமாட்டோம், யாரையும் உள்ளே கூப்பிடமாட்டோம். அஞ்சாம் நாளோ ஏழாம் நாளோ தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெருவில் பேச்சு வரும். அதற்குள் 96 மணி நேரம் போய்விட்டிருக்கும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே அம்மை ஒட்டத் தொடங்கிவிடும் என்பதால், அந்தக் கணக்கு இன்னும் முன்னாலேயே ஓட ஆரம்பித்திருக்கும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவள் நான். அந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிற மரியாதை எனக்கும் உண்டு. நோயாளியைத் தனியாக வைத்து, வந்து போகிறவர்களை நிறுத்துவது நல்ல வழக்கம். சொல்லாமல் இருப்பதுதான் என் பிள்ளையைக் கொல்லும்.

மூன்றாவது இடம் எங்க தெருமுனைப் பால்வாடி. 1975இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த அங்கன்வாடிதான், எங்க பக்கம் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வோம். போய் உட்கார்ந்து நோயின் பெயரைச் சொன்னதும் டீச்சர் பதிவேட்டை இழுத்து, "எந்த ஊசி விட்டுப்போச்சுங்க?" என்று கேட்டார். மற்ற இரண்டு இடத்திலும் அதைக் கேட்கவில்லை. புதன்கிழமை ஊசி போட நர்ஸம்மா வருகிற இடம் அவருக்குத் தெரியும், எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எடை குறைந்திருக்கிறது என்பதும் தெரியும். கர்ப்பிணி வீடு, பால் கொடுக்கிற தாய் வீடு என்று சத்துமாவு விஷயமாக எல்லாத் தெருவிலும் ஏறி இறங்குகிறவர்கள். பிள்ளைகளும் குறைச்சல்தான், எல்லாம் இந்த நாலு தெருப் பிள்ளைகள்.

இவன் அப்பாவுக்கு மனசே இல்லை. "நான் இங்க கிடந்து உழைக்கிறது பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பவா?" என்று வீடியோவில் கேட்டார். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. "பீஸ் கட்டினாலும் கிடைக்காத ஒண்ணு அங்க இருக்குங்க. அம்மை எந்த வீட்ல இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றேன். இரண்டு நாள் கழித்து, சரி, உன் இஷ்டம் என்றார்.

ஆனால் தெரிந்தாலும் டீச்சர் சொல்லத் தயங்கினார். "ஒரு வீட்டு அம்மையை இன்னொரு வீட்ல போய்ச் சொன்னேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவாங்கக்கா. நாளைக்கு அந்த வீட்டுப் படி நான் ஏறணும்." அதற்கு வழி சொன்னது எங்க அயித்தை. அதுவரை, பிள்ளையை அனுப்பவே வேண்டாம் என்று நின்றவர் அவர். டீச்சரிடம் அவரே சொன்னார்: "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்த்தா. எந்த வீட்டு நிலையில வேப்பிலை சொருகியிருக்குன்னு மட்டும் சொல்லு. அது ஊருக்குத் தெரியணும்னுதானே சொருகுறது?" பக்கத்தில் நின்ற ஆயம்மா உடனே தலையாட்டிவிட்டார். காலையில் பிள்ளைகளைக் கூட்டிவர வீடு வீடாகப் போகிறவர் அவர். வேப்பிலை முதலில் அவர் கண்ணில்தான் படும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த இடம்தான் என்று.

எப்போது அனுப்புவது என்பதில் அயித்தைக்கு விஜயதசமி வேணும். எனக்கு அது ஐப்பசி அடைமழைக்கு முன்வாசலாகப் பட்டது. ஊரே இருமுகிற காலம். விஜயதசமியன்று வீட்டில் நெல்லைப் பரப்பி அப்பத்தா மடியில் வைத்து 'அ' எழுத வைத்தோம். பால்வாடிக்குத் தை மாசம் வெயில் வந்த பிறகு. அதற்குள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டோம். கொழுந்தனார் பிள்ளைகளுக்கு அம்மை ஊசியும் ஃப்ளூ ஊசியும் போட்டாச்சு. இவனுக்குப் போட முடியாத அம்மை ஊசியை இவனைச் சுற்றி இருக்கிறவர்களுக்குப் போட்டுவிடுங்கள் என்பது டாக்டர் சொன்ன யோசனை. நிமோனியா ஊசி இவனுக்கே போட்டாச்சு, அதில் உயிருள்ள கிருமி கிடையாது.

டீச்சரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முகம், கண் வீங்கினால் போன் பண்ணுங்கள். வயிறு வலிக்குது என்று சொல்லி உடம்பும் சுட்டால் ஒரு நிமிஷம் தாமதிக்க வேண்டாம், வயிற்றுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். வாந்தி எடுத்தாலும் சொல்லணும். மாத்திரை உள்ளே நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகணும், இத்தனை நாள் ஓடிய ஸ்டீராய்டு திடீரென்று நிற்கக் கூடாது. மாத்திரையால் பசி அதிகம், அடுத்த பிள்ளை தட்டில் கை வைத்தால் திட்ட வேண்டாம். உப்பு குறைத்து வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கிறேன், அங்கே போடுகிற முட்டையைச் சாப்பிடலாம். குண்டு என்று யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரியை டீச்சர் பேனாவால் அடிக்கோடிட்டுக்கொண்டார்.

இப்போது காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் போகிறான். ஒருமுறை சளி பிடித்தது. காலண்டர் முன்னால் குழாயைப் பிடிக்கும்போது கை நடுங்கியது, 'ட்ரேஸ்' வரை வந்து பிறகு தெளிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அனுப்பவில்லை. டீச்சர் பெயரை அடிக்கவும் இல்லை. நேற்று யாரோ பந்தைப் பிடுங்க, இவன் திருப்பிப் பிடுங்கி அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டானாம். ஆயம்மா புகாராகச் சொன்னார். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அவனைக் கட்டிக்கொண்டேன்.

மாசி பங்குனி வெயில் ஏறுகிறது, அம்மைக் காலம். போன வாரம் ஆயம்மா வந்து, பின்தெருவில் ஒரு வீட்டில் வேப்பிலை இருக்கு என்றார். அந்த வீட்டுப் பெரியவருக்குத்தான், அங்கிருந்து பால்வாடிக்கு வருகிற பிள்ளை யாரும் இல்லை. இருந்தாலும் டாக்டரிடம் கேட்டு, போகலாம் என்று சொன்ன பிறகுதான் அனுப்பினேன். சித்திரையில் இவன் அப்பா லீவில் வருகிறார். மாத்திரை அதற்குள் நின்றால் வைகாசியில் அம்மை ஊசி. ஊசி போட்ட பிறகு மத்தியானச் சாப்பாடு வரை விடுவது பற்றி டீச்சரோடு பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.